இடது போல்ட் ரைஃபிள்: பெட்டியோடு வரும் ஸ்கோப் போதுமா, தனியாக வாங்க வேண்டுமா?

நொட்டாங்கை:
வணக்கம். பெயரே சொல்லிவிடும், நான் இடது கைக்காரன். நான்கு வருடமாக மாமாவின் .308 (தோட்டாவின் அளவு) ரைஃபிளை இரவல் வாங்கித்தான் மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். அது வலது போல்ட், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு இழுத்துத் தள்ள வேண்டிய கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இந்தப் பருவத்துக்கு லைசென்ஸ், அனுமதிச் சீட்டு எல்லாம் தயார், சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். பெரிய தொகை கையில் இல்லை. சாவேஜ் கம்பெனியின் ஆக்சிஸ் எக்ஸ்பி இடது கை மாடல், 3-9×40 ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) பொருத்தியே ஒரே பெட்டியில் வருகிறது. நான் சுடும் தூரம் 200 மீட்டரைத் தாண்டாது. இதை எடுக்கலாமா, இல்லை வெறும் ரைஃபிளை வாங்கி ஸ்கோப்பைத் தனியாகப் பார்க்கலாமா?

சாரல்:
தாராளமாக எடுங்கள். மலிவு விலையில் இடது போல்ட், கூடவே ஸ்கோப் என்று தேடினால் மிஞ்சுவது சில மாடல்கள்தான். அதில் சாவேஜ் பழைய கை. 110 மாடல் 1958-இல் வந்தது, அதை ஒட்டியே இடது கைக்காரர்களுக்கும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆக்சிஸில் சேஃப்டி பூட்டு, கட்டையின் (தோளில் அணைக்கும் பகுதி) கழுத்துக்கு மேலே நடுவில் இருக்கிறது, எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும். 200 மீட்டருக்குள் மான் என்றால் 3-9×40 தாராளம். மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். சுட்டுப் பழகாதவனுக்கு எந்த ஸ்கோப்பும் உதவாது.

கிளிக் கணக்கன்:
இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்டி விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கம்பெனி எங்கே கை வைக்கும்? குழலிலா? இல்லை. ஸ்கோப்பில், அதைப் பிடிக்கும் ரிங்கில், ரிங்கைத் துப்பாக்கியோடு இணைக்கும் பேஸில். மூன்றும் சுமாராக இருக்கும். ருகர் கம்பெனியின் அமெரிக்கன் மாடலிலும் இடது போல்ட் உண்டு. போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும், கை ஸ்கோப்பில் இடிக்காது. அதை வாங்கி, மேலே உங்களால் முடிந்த நல்ல ஸ்கோப் ஒன்றை வையுங்கள். இந்தப் பருவத்தில் முடியாவிட்டால் அடுத்த பருவம் வரை மாமாவின் துப்பாக்கி இருக்கவே இருக்கிறது.

பழைய போல்ட்:
இரண்டு பேரும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். தம்பிக்கு இடது போல்ட் எதற்கு? நானும் இடது கைதான், முப்பது வருடமாக வலது போல்ட்தான். மேசையில் வைத்துச் சுடும்போது இடது கை பிடியை விட்டு நகரவே வேண்டாம், சும்மா இருக்கும் வலது கை போல்ட்டை இழுக்கும். சொல்லப்போனால் வலது கைக்காரனைவிட நமக்குத்தான் வசதி. இடது மாடல் என்று போனால் காலிபர் (தோட்டா அளவு) நாலைந்தோடு நின்றுவிடும், மாற்றுக் கட்டை கிடைக்காது, விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டும். அதே பணத்துக்கு வலது போல்ட்டில், அதுவும் பழைய சந்தையில், எவ்வளவோ நல்ல ரைஃபிள் கிடைக்கும்.

சாரல்:
ஐயா, மேசையில் சரி. மான் மேசைக்கு எதிரே வந்து நிற்பதில்லையே! நின்றுகொண்டோ, மரத்தில் சாய்ந்தோ சுடும்போது வலது கைதான் முன்கட்டையைத் தாங்குகிறது. அதை எடுத்தால் குழல் தரையைப் பார்க்கும். எடுக்காவிட்டால் இடது கையை ஸ்கோப்புக்கு மேலே வளைத்துப் போட்டுப் போல்ட்டை இழுக்க வேண்டும், முகம் கட்டையிலிருந்து எழுந்துவிடும். அடிபட்ட மிருகத்துக்கு இரண்டாவது தோட்டா உடனே தேவைப்படும் நேரத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

இன்னொன்று, நாம் இடது கன்னத்தை வைத்துக் குறி பார்க்கும்போது தலை கட்டைக்கு வலது பக்கம் இருக்கிறது. வலது போல்ட்டில் கூடு வெளியேறும் வாயும் அதே பக்கம்தான். என்றைக்கோ ஒரு நாள் தோட்டாக் கூடு பிளந்தாலோ, ப்ரைமர் (தோட்டாவின் அடியில் பொறி கொடுக்கும் மூடி) ஓட்டையானாலோ புகையும் துகளும் எங்கே வரும் என்று நீங்களே பாருங்கள்.

பழைய போல்ட்:
முப்பது வருடத்தில் ஒரு தடவையும் வரவில்லை.

கிளிக் கணக்கன்:
வராத வரைக்கும் சரி. கண்ணாடி போட்டுக்கொண்டுதானே சுடுகிறீர்கள்?

பழைய போல்ட்:
போடுகிறேன் போடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. எந்தக் கைக்காரனாக இருந்தாலும் கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது.

நொட்டாங்கை:
சாரல் அண்ணா சொன்னது எனக்கு நடந்திருக்கிறது. போன பருவத்தில் ஒரு காட்டுப்பன்றி. முதல் குண்டு கொஞ்சம் பின்னால் பட்டது. இடது கையை ஸ்கோப்புக்கு மேலே வளைத்துப் போல்ட்டைப் பின்னால் இழுத்தேன், கூடு முழுதாக வெளியே விழவில்லை, பாதியில் சிக்கிக்கொண்டது. பதற்றத்தில் அரைகுறையாக இழுத்திருக்கிறேன், துப்பாக்கி மேல் குறை இல்லை. கூட வந்தவர் சுட்டு முடித்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், சொந்தத் துப்பாக்கி என்றால் இடது போல்ட்தான். அதனால் அந்த விவாதம் எனக்கு முடிந்துவிட்டது ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்கோப்தான் பாக்கி.

பழைய போல்ட்:
கோபம் என்ன தம்பி. ஆனால் ஒரு சோதனை மட்டும் செய். இடது கைக்காரன் எல்லாருக்கும் இடது கண் ஓங்கியிருக்கும் என்று இல்லை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளைப் பார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உன் கண். அது வலது கண்ணாக இருந்தால் எந்தத் தோளில் வைப்பது என்பதையே முதலில் யோசிக்க வேண்டும்.

நொட்டாங்கை:
இப்போதே செய்து பார்த்தேன். இடது கண்தான்.

கிளிக் கணக்கன்:
நல்லது. இனி ஸ்கோப்புக்கு வருவோம். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். 40 மி.மீ. முன்கண்ணாடியை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மி.மீ. தான். மங்கலில் நம் கண்மணி அதைவிடப் பெரிதாக விரியும், அப்போது படம் இருட்டாகத் தெரியும். நல்ல கண்ணாடி என்றால் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் கிடைக்கும். மலிவு ஸ்கோப்பில் மான் இருக்கிறது என்று தெரியும், கொம்பு தெரியாது.

சாரல்:
அப்படியென்றால் 9-இல் வைக்காதீர்கள்! 6-க்குத் திருப்பினால் அதே 40 மி.மீ. கண்ணாடியில் ஒளிவட்டம் 6.7 மி.மீ. ஆகிவிடும். 100 மீட்டரில் நிற்கிற மானுக்கு 9 மடங்கு எதற்கு? விலை உயர்ந்த ஸ்கோப் வைத்திருப்பவர்களும் அந்தியில் உருப்பெருக்கத்தைக் குறைத்துத்தான் பார்க்கிறார்கள்.

கிளிக் கணக்கன்:
வெளிச்சத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். என் பெரிய சண்டை கிளிக்கோடு. கிளிக் என்பது குறியை நகர்த்த ஸ்கோப் திருகில் திருப்பும் ஒரு படி. கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் என்றால் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவு ஸ்கோப்பில் (பெயர் வேண்டாம்) எட்டு கிளிக் வலப்பக்கம் திருகினேன், குறி நகரவே இல்லை. அடுத்த குண்டுக்கு மொத்தமாக ஒரு சாண் தாவியது. நாற்பது தோட்டா காலி. நான்தான் விசையைப் பிடுங்குகிறேன் என்று மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சாரல்:
ரிங் ஸ்க்ரூ பார்த்தீர்களா?

கிளிக் கணக்கன்:
ரிங்கைப் பார்த்தேன். பேஸைப் பார்க்கவில்லை.

சாரல்:
அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்கோப் கெட்டது என்று தூக்கிப் போட்டவர்களில் பலருக்குப் பேஸ் ஸ்க்ரூதான் லூஸ். பெட்டியில் வரும் ரைஃபிளை வாங்கியதும் ஸ்கோப்பைக் கழற்றுங்கள். பேஸ் ஸ்க்ரூக்களில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு முறுக்குங்கள். ரிங் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு முறுக்கு வரை போதும், அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். அப்புறம் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையிலான தூரத்தை உங்கள் கழுத்துக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். கடைக்காரர் அவர் கழுத்துக்கு வைத்திருப்பார். கண்ணிலிருந்து மூன்றரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், இல்லாவிட்டால் உதையில் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் பிறை போட்டுவிடும்.

'போர்சைட் செய்யப்பட்டது' (குழலையும் ஸ்கோப்பையும் சுடாமலே தோராயமாக நேராக்கியது) என்று பெட்டியில் போட்டிருப்பதை ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தது) என்று நினைத்துவிட வேண்டாம். அது அட்டையில் எங்கேயாவது படும் என்ற அளவுக்குத்தான் உத்தரவாதம்.

பழைய போல்ட்:
இதில் நான் சாரல் பக்கம். ஜீரோ ஆனதும், அட்டையில் சதுரமாகச் சுடும் பெட்டிச் சோதனை செய், தம்பி. ஒரு குண்டு சுடு. 20 கிளிக் வலது, ஒரு குண்டு. 20 மேலே, ஒரு குண்டு. 20 இடது, ஒரு குண்டு. 20 கீழே, ஒரு குண்டு. ஐந்தாவது குண்டு முதல் ஓட்டையோடு சேர வேண்டும். சேர்ந்தால் அந்த ஸ்கோப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் போதும். சேராவிட்டால் பேஸைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை, அதிலும் சேராவிட்டால் கணக்கன் சொன்னதுதான்.

கிளிக் கணக்கன்:
சரி, அந்தச் சோதனையில் தேறினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஆக்சிஸ் எடுக்கிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அதன் பிளாஸ்டிக் முன்கட்டை கொஞ்சம் வளையும். பட்டையை இழுத்துப் பிடித்தாலோ, பைபாட் (இரண்டு கால் தாங்கி) மேல் சாய்ந்தாலோ கட்டை குழலைத் தொடும், குண்டு இடம் மாறும். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ஓட்டிப் பாருங்கள். ட்ரிகரும் முதல் ஆக்சிஸில் கனம். அக்யூட்ரிகர் (சாவேஜின் லேசாக்கக்கூடிய ட்ரிகர்) வேண்டும் என்றால் ஆக்சிஸ் 2 பாருங்கள். தொகை இன்னும் கொஞ்சம் நீளும் என்றால் 110 அபெக்ஸ் ஹண்டர் எக்ஸ்பி, அதிலும் இடது போல்ட் உண்டு, மேலே வோர்டெக்ஸ் கம்பெனியின் 3-9×40 ஸ்கோப். பெட்டியோடுதான் வாங்குவேன் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

நொட்டாங்கை:
காலிபர்? .308 பழகிவிட்டது.

சாரல்:
பழகியதையே எடுங்கள். உதை தொந்தரவு என்றால் .243. மற்றபடி மாற்ற ஒரு காரணமும் இல்லை. 100 மீட்டரில் சுமார் 5 செ.மீ. மேலே படும்படி வைத்தால் 200 மீட்டர் வரை நேராக மார்பைக் குறி வைக்கலாம், கிளிக்கைத் தொடவே வேண்டாம்.

நொட்டாங்கை:
ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரின் இடது போல்ட் ரைஃபிளைச் சுடும் தளத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு தடவையும் இடது கை தானாக எழுந்து ஸ்கோப்பைத் தாண்டி வலப்பக்கம் போய்த் தடவியது, அங்கே ஒன்றுமே இல்லை. நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவதில் போல்ட் கைக்கு வந்தது. ஐந்தாவது குண்டுக்குக் கன்னம் கட்டையை விட்டு எழவே இல்லை. அபெக்ஸ் ஹண்டருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். முறுக்கு ஸ்பேனர் மட்டும் யாராவது இரவல் தருவீர்களா?

கிளிக் கணக்கன்:
ரைஃபிளை இரவல் வாங்கியது போதும் தம்பி, ஸ்பேனரையாவது சொந்தமாக வாங்கு.