முகக்கவசத்துக்கும் சுவாசக் கருவிக்கும் இடையே ஒரு சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம்.

கோவைப் பகுதியிலுள்ள ஒரு ஃபவுண்டரிக்காகப் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். வார்ப்படம் ஆறியபின் மணல் அச்சை உடைத்து உதறும் கூடத்தின் வாசலில், 'சுவாசக் கருவி அணிந்து உள்ளே வரவும்' என்று ஏற்கெனவே ஒரு பலகை தொங்குகிறது. அதைப் படித்த தொழிலாளி ஒருவர் என்னிடம், "ஆஸ்பத்திரியில வைக்கிறதுங்களா?" என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை. 2020இல் வென்டிலேட்டரைச் 'செயற்கை சுவாசக் கருவி' என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதியதில், அந்தச் சொல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே உரியதாகிவிட்டது. தூசியும் நச்சு ஆவியும் மூச்சில் போகாதபடி தொழிலாளர்கள் முகத்தில் அணியும் ரெஸ்பிரேட்டருக்கும் அதையே வைத்துக்கொள்ள முடியாது.

'முகக்கவசம்' என்றே பொதுவாகச் சொல்லலாமே என்று சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். பொருளே மாறிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவை அரங்கில் மருத்துவர் கட்டும் முகக்கவசத்தின் முதல் வேலை, அவர் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் நோயாளியின் காயத்தில் விழாமல் தடுப்பது. அதன் ஓரங்கள் கன்னத்தோடு ஒட்டுவதில்லை, மூச்சை இழுக்கும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று தாராளமாக உள்ளே போகும். ரெஸ்பிரேட்டரோ அணிபவரைக் காப்பதற்கென்றே செய்யப்படுவது. அது முகத்தில் இடைவெளியின்றிப் படிந்து, உள்ளே போகும் காற்று முழுவதும் வடிகட்டி வழியாகவே போகும்படி இருக்க வேண்டும்; தாடி வைத்திருப்பவருக்கு அது சரியாகப் பயன்படாததும் இதனால்தான். என்95 என்ற பெயரிலுள்ள 95, வடிகட்டியிலிருந்து எளிதில் நழுவக்கூடிய 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டை அது பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. 'என்' என்ற எழுத்து, எண்ணெய்த் துளிகள் கலந்த காற்றுக்கு அது தாங்காது என்பதைக் குறிக்கிறது. ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2 வகைக்கு இந்த அளவு 94. ஓரம் விலகி நின்றால் இந்த எண்கள் எதற்கும் பொருளில்லை.

அந்தக் கூடத்தில் பறக்கும் சிலிக்காத் தூசியின் நுண்பகுதி நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி, ஆறாத தழும்பை உண்டாக்கும். அதனால்தான் பலகையில் உள்ள சொல்லைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். 'வடிகவசம்' என்பது என் பரிந்துரை. வடிகட்டும் கவசம் என்ற பொருளில் அது வினைத்தொகை. ஆகவே நடுவில் வல்லினம் மிகாது.

* * *

ஐயா, வணக்கம்.

தாங்கள் காட்டிய வேறுபாட்டை ஏற்கிறேன். சொல்லை ஏற்க இயலவில்லை. சோற்றை வடிக்கிறோம், கூரையிலிருந்து நீர் வடிகிறது. இந்த இரண்டு வினைகளுக்கும் வினைத்தொகையில் வேறுபாடு தெரியாது. 'வடிகால்' என்ற சொல்லுக்குப் பழகியவர், வடிகவசம் என்றதும் ஒழுகும் கவசம் என்று எண்ணிவிட்டால் பெயரே அதற்குப் பகையாகிவிடும்.

இலக்கணத்தை விடப் பெரிய தடையும் உண்டு. எல்லா ரெஸ்பிரேட்டரும் காற்றை வடிகட்டுவதில்லை. கழிவுநீர்த் தொட்டி போல ஆக்சிஜன் குறைந்த இடத்தில், எவ்வளவு நுண்ணிய வடிகட்டியும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. வெளியிலிருந்து குழாய் வழியாகவோ முதுகில் சுமக்கும் உருளையிலிருந்தோ நல்ல காற்று வந்தாக வேண்டும். பெயின்ட் அடிக்கும் இடத்தில் எழும் தின்னர் ஆவியைத் துகள் வடிகட்டி மட்டும் தடுக்காது; அதற்குப் பதப்படுத்திய கரி அடைத்த குப்பி பொருத்த வேண்டும். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருக்க, நாம் ஒரு வகைக்கு மட்டும் பொருந்தும் சொல்லை முழு இனத்துக்கும் வைக்கலாகாது.

'மூச்சுக்கவசம்' என்று வைத்துக்கொள்வோம். முகக்கவசம் அணியும் இடத்தால் பெற்ற பெயர். மூச்சுக்கவசம் காக்கப்படும் பொருளால் பெறும் பெயர். வகை சொல்ல வேண்டிய இடத்தில் வடிகட்டும் மூச்சுக்கவசம், காற்றூட்டும் மூச்சுக்கவசம் என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

* * *

அம்மா, வணக்கம்.

வடிகவசத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காற்றூட்டும் வகையை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. முகக்கவசமும் மூச்சுக்கவசமும் ஒலியில் நெருங்கி நிற்கின்றன என்பது மட்டும் சற்று உறுத்துகிறது. உலை இரைச்சலில் கத்திச் சொன்னால் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழக்கூடும். எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை என்பதால் பலகைக்கு இதுவே போதும்.

அங்கே வாங்கி வைத்திருப்பவை வெளிமூச்சு வால்வு உள்ளவை. 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் வால்வு வைத்தவற்றைப் பொதுமக்கள் பயன்படுத்துவதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது, அணிபவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறுவதால்தான். தூசிக் கூடத்தில் அந்தக் குறை ஒரு பொருட்டல்ல. கவசம் யாரைக் காக்கிறது என்ற நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்றும் இல்லை. பலகைக்கு நான் எழுதியிருப்பது:

'மணல் உதறும் கூடம். மூச்சுக்கவசம் அணிந்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். துணி முகக்கவசமும் அறுவை முகக்கவசமும் இந்தத் தூசிக்குப் போதா. இரண்டு பட்டைகளையும் மாட்டியபின், முன்புறத்தைக் கைகளால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். கவசம் முகத்தை நோக்கி உள்வாங்க வேண்டும். ஓரத்தில் காற்று நுழைந்தால் மூக்குப் பட்டையை அழுத்திச் சரிசெய்யுங்கள்.'

'உள்வாங்க' என்பதைவிட எளிய சொல் யாருக்கேனும் தோன்றினால், திங்கட்கிழமை பலகை எழுதுபவரிடம் கொடுப்பதற்குள் தெரிவியுங்கள்.