கதீட்டருக்கு 'வடிகுழாய்' போதுமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உடம்புக்குள் விடும் மெல்லிய குழாயான 'கதீட்டர்' என்பதற்குத் தமிழ் என்ன என்று போன வாரம் ஒருவர் கேட்டதற்கு, "அதான் வடிகுழாய் இருக்கிறதே, இதில் பேச என்ன இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கும் அப்போது மறுப்பு ஒன்றும் இல்லை. ரத்தக் குழாய்களுக்குள் விட்டுச் சிகிச்சை செய்யும் கதீட்டர்களை வடிவமைப்பது என் வேலை. அதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். "வடிகுழாய் வழியாக மருந்தைச் செலுத்தவும்" என்று ஒரு வரி. வடிக்கிற குழாய்க்குள் எதைச் செலுத்துவது? அடுத்த வரி இன்னும் மோசம்: "ரத்தக் குழாயின் விட்டத்துக்கு ஏற்ற வடிகுழாயை உறைக்குழாய் வழியாக நுழைக்கவும்." ஒரே வாக்கியத்தில் மூன்று குழாய். படித்துப் பார்த்த சக பொறியாளர், "வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்கிறோமா?" என்றார்.

சிறுநீர்ப்பைக்கு வைக்கும் கதீட்டருக்கு வடிகுழாய் அருமையான சொல். அதை யாரும் தொட வேண்டாம். சீழ் வடிகிறது, கண்ணீர் வடிகிறது என்கிறோம். தேங்கி நின்றது இறங்கி வெளியேறுவதுதான் வடிதல். இதயத் தமனிக்குப் போகும் கதீட்டருக்கு அந்த வேலையே இல்லை. அது தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ளே புகுந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து போய், எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தையோ, அடைப்பை விரிக்கும் பலூனையோ, விரித்த தமனியைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையோ கொண்டு சேர்க்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லிலும் வடிப்பது கிடையாது. 'கீழே இறக்கு, உள்ளே விடு' என்பதுதான் அதன் வினை. வடிப்பதை நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

முதலில் எனக்குத் தோன்றியது 'செல்குழல்'. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் உயிரணுவும் செல், சட்டைப்பையில் இருக்கும் போனும் செல். மருத்துவப் பக்கத்தில் செல்குழல் என்று கண்டால் உயிரணுவுக்குள் இருக்கும் ஏதோ நுண்குழல் என்றுதான் எவரும் நினைப்பார். விட்டுவிட்டேன். 'செருகுகுழல்' என்று இங்கே ஒருவர் முன்பு எழுதியிருந்தார். இடுப்பில் செருகிய கத்தி செருகிய இடத்திலேயே இருக்கும், ஊர்ந்து போகாது. புறங்கையில் குத்திப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறார்களே, அந்தக் கேனுலாவுக்கு வேண்டுமானால் இந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம். 'தூம்பு' எனக்கு மிகவும் பிடித்த பழஞ்சொல். ஆனால் ஏரித் தூம்பைத் திறந்தால் தண்ணீர் வெளியேறும். சுற்றி வந்து மறுபடி வடிப்பதிலேயே நிற்போம்.

ஆகவே என் பரிந்துரை 'நுழைகுழல்'. உடம்பில் இருப்பதை 'நாளம்' என்றும், கையில் இருப்பதைக் 'குழல்' என்றும் பிரித்துக்கொண்டால் குழாய்க்குள் குழாய் என்ற குழப்பமும் தீரும். பலூன் நுழைகுழல், நுண் நுழைகுழல் என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

பெயர் இருக்கட்டும். எனக்கு அதைவிடத் தொல்லை கொடுப்பவை வடிவமைப்புச் சொற்கள். ஏன் என்று காட்ட, எங்கள் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பெருந்தமனியின் வளைவையும் அதிலிருந்து பிரியும் கிளைகளையும் சிலிக்கோனில் வார்த்து வைத்திருக்கிறோம். உள்ளே உடல்சூட்டில் தண்ணீர் ஓடும். புதிதாகச் செய்த குழலை அதற்குள் விட்டு, வெளியே இருக்கும் முனையை விரல்களால் கால் சுற்று திருப்புகிறேன். உள்ளே நுனி அசையவில்லை. இன்னொரு கால் சுற்று. அசையவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் என்று திருப்பினால், வழியெல்லாம் தேங்கியிருந்த முறுக்கு ஒரே மூச்சில் அவிழ்ந்து, நுனி சடக்கென்று எதிர்ச்சுவரில் போய் அடிக்கிறது. சிலிக்கோனுக்கு வலிக்காது. மனிதத் தமனியானால் உட்சுவர் கிழியலாம்.

இதில் இரண்டு சொற்கள் வேண்டும். கடைசியில் நுனி துள்ளியதற்குச் 'சொடுக்கு' என்று வைத்தேன். சாட்டையைச் சொடுக்கும்போது நடப்பதும் இதுதான். கணினிக்காரர்கள் சுட்டியின் 'கிளிக்'குக்கு அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கப் போவதில்லை. இன்னொன்று, கையில் கொடுத்த திருப்பம் நுனிவரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற குணம். எங்கள் பழைய பட்டியலில் 'முறுக்குதிறன்' என்று இருந்தது. படித்தால் குழல் தானே எதையோ முறுக்குவது போல இருக்கிறது. பள்ளியில் வெப்பக் கடத்தல், மின்கடத்தல் படித்தோமே, அந்த வழியில் 'முறுக்குக் கடத்தல்' என்றால் விளங்கிவிடுகிறது. தள்ளினால் அந்தத் தள்ளு நுனிக்குப் போய்ச் சேர்வது 'உந்தல் கடத்தல்'. இரண்டும் ஒரே இனம் என்பது பெயரிலேயே தெரியும்.

கடத்தும் வேலையைச் செய்வது சுவர். 6 பிரெஞ்ச் என்று சொல்லும் குழலின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர் (ஒரு பிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த சாரியேர் வைத்த அளவு). பலூனும் ஸ்டென்ட்டும் உள்ளே போக வேண்டிய வகையில் உள்விட்டம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் சுவருக்கு மிஞ்சுவது ஒரு பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதல். அதற்குள் மூன்று அடுக்கு: உள்ளே வழுக்க டெஃப்லான், நடுவில் எஃகு இழைகளின் பின்னல், வெளியே நைலான் அல்லது அதுபோன்ற பிளாஸ்டிக். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தப் பின்னல் கூடை முடைந்தது போலவே இருக்கும். திருப்பத்தைச் சுமந்து போவது அதுதான். பின்னலுக்குப் பதில் கம்பியைச் சுருளாகச் சுற்றினால் குழல் நன்றாக வளையும், எளிதில் மடங்காது, ஆனால் திருப்பம் அவ்வளவு நன்றாகப் போய்ச் சேராது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். வெளி அடுக்கையும் ஒரே பிளாஸ்டிக்கில் போர்த்துவதில்லை. கைப்பக்கம் விறைப்பானது, போகப் போக மெத்தென்றது, நுனியில் மிக மென்மையானது என்று துண்டு துண்டாக இணைப்போம். இந்த மூன்று அடுக்குக்கும் 'உட்பூச்சு, பின்னல், மேலுறை' என்று எழுதினேன். யாரும் குறை சொல்லவில்லை.

மடங்குவதற்கு வருகிறேன். தண்ணீர்விடும் ரப்பர் குழாய் ஓரிடத்தில் மடங்கித் தட்டையாகி ஓட்டம் நின்றுபோகிறது அல்லவா, அதற்கு 'மடங்கல்' என்று எழுதிவிட்டு நிகண்டைப் புரட்டினால், மடங்கல் சிங்கமாம், எமனுமாம். எமன் கொஞ்சம் பொருத்தம்தான், இருந்தாலும் 'மடிவு' என்று மாற்றினேன். அதைத் தாங்குவது 'மடிவெதிர்ப்பு'. குழலின் உள்ளீடற்ற இடத்துக்குப் 'புழை' வைத்தேன். யானைக்குப் புழைக்கை என்று பெயர் உண்டு, துளையுள்ள கை. நினைத்த பக்கம் திரும்பும், உறிஞ்சும், பீய்ச்சும், பொருளை எடுத்துக் கொடுக்கும். நாங்கள் செய்ய நினைப்பது எல்லாவற்றையும் அது எப்போதோ செய்துவிட்டது.

கடைசியாக ஒன்று. குழலின் இரு முனைகளையும் 'அண்மை முனை, சேய்மை முனை' என்று பட்டியல்கள் சொல்கின்றன. யாருக்கு அண்மை? குழலுக்கு என்றால் மருத்துவரின் கைக்கு அண்மை. தமனிக்கு என்றால் அது தொடங்கும் இடத்துக்கு அண்மை. அதனால், "குழலின் சேய்மை முனை இதயத் தமனியின் அண்மைப் பகுதியில் நிற்க வேண்டும்" என்று எழுத வேண்டி வருகிறது. உண்மைதான், ஆனால் படிப்பவருக்குத் தலை சுற்றும். குழலுக்குக் 'கைமுனை', 'நுனி' என்று போட்டால் போதும் என்பது என் கட்சி.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

* * *

தம்பிக்கு,

நுழைகுழல் வினைத்தொகை, நுழைந்த, நுழைகின்ற, நுழையும் குழல். நடுவே ஒற்று மிகாது. 'நுழைக்குழல்' என்று யாரும் அச்சிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் ஏற்கெனவே அப்படிக் கண்டேன், மனம் பொறுக்கவில்லை.

ஆனால் வடிகுழாயை இவ்வளவு எளிதில் தள்ள வேண்டுமா? ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் 1929-இல் தன் கை நரம்பைக் கீறி, இதயம் வரை 65 சென்டிமீட்டர் உள்ளே விட்டுக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனாரே, அவர் எடுத்தது சிறுநீர்ப் பாதைக்கு வைத்திருந்த குழாய். அன்று இதயத்தைத் தொட்டதே வடிகுழாய்தான். 1956-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறந்த வீட்டுப் பெயரை எதற்கு மாற்றுவது?

நாளம் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை. இலங்கைப் பாடநூலில் நாடி, நாளம். அங்கே நாளம் என்றால் சிரை மட்டுமே. நீங்கள் தமனிக்குள் போகும் குழலை 'நாளத்துள் செல்வது' என்று எழுதினால், அங்கே படிப்பவர் தவறான குழாயைத் தேடுவார்.

* * *

ஐயா கை நரம்பு என்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அது சிரை. நோயாளிகளும் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள், பழகிவிட்டது. மன்னிக்கவும்.

நான் இந்தக் குழல்களைத் தினமும் கையில் பிடிக்கும் மருத்துவன். பொறியாளருக்கு ஒரு கேள்வி: நுழைவது குழலா? ரத்தக் குழாய்க்குள் குழல் விட, மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் சொன்ன முறைதான் இன்றும். ஊசியால் குத்து, ஊசிக்குள் கம்பியை விடு, ஊசியை எடு, கம்பியின் மேல் குழலை ஏற்று. அடைப்பைத் தாண்டி முதலில் நுழைவது கம்பி. குழல் அதன் பின்னால் போகிறது, அவ்வளவுதான். நல்ல குழல், மோசமான குழல் என்று நாங்கள் பிரிப்பதும் அதில்தான்: வளைவில் கம்பி திரும்பிவிட்டது, குழல் கூடவே திரும்புகிறதா, அல்லது நேராகப் போகப் பார்த்துக் கம்பியையும் வெளியே இழுத்துவிடுகிறதா? இந்தக் குணத்துக்கு உங்கள் கடிதத்தில் சொல்லே இல்லை.

அப்புறம், குழல் போய்வர வழியாகத் தமனியில் வைக்கும் உறைக்குழாய் இருக்கிறதே, அந்த உறையின் அளவு. 6 பிரெஞ்ச் குழல் என்றால் வெளிவிட்டம். 6 பிரெஞ்ச் உறை என்றால் 6 பிரெஞ்ச் குழலை உள்ளே விடும் என்று பொருள். அதன் வெளிவிட்டம் அதைவிடப் பெரிது, தமனியில் விழும் ஓட்டையும் பெரிது. எண் ஒன்று, அளவு இரண்டு. கையேட்டில் வெறுமனே 'அளவு' என்று எழுதாதீர்கள். 'கொள்ளளவு' என்றும் எழுதாதீர்கள், அது லிட்டரில் வரும்.

வடி என்பதை ஒரேயடியாக மறுக்கவும் முடியாது. மூளைத் தமனியில் அடைத்த ரத்தக்கட்டியை இப்போது குழல் வைத்து உறிஞ்சி எடுக்கிறோம்.

* * *

இருவருக்கும் நன்றி.

ஐயா, ஃபோர்ஸ்மன் கதை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அன்று கிடைத்ததை எடுத்து அவர் விட்டார். அந்தக் குழாயில் பின்னலும் இல்லை, திருப்பமும் போய்ச் சேராது. 1964-இல் மருத்துவர் டாட்டர் கால் தமனியை விரித்த குழலும், 1977-இல் மருத்துவர் குருன்ட்சிக் இதயத் தமனியில் ஊதிய பலூன் குழலும் வேறு பிறவிகள். பிறந்த வீட்டுப் பெயர் பிறந்த வீட்டில் இருக்கட்டும். உறிஞ்சுவதும் வடிவதும் ஒன்றல்ல, டாக்டர். வடிவது தானாக, உறிஞ்சுவது இழுத்து. 'உறிஞ்சு நுழைகுழல்' என்று வைக்கலாம்.

நாளம் விஷயத்தில் ஐயா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இலங்கையில் வழங்கும் 'குருதிக்கலன்' இரண்டு பக்கமும் புரியும், குழல் என்ற சொல்லோடும் மோதாது. கையேட்டில் நாளம் வந்த இடம் எல்லாம் நேற்று இரவே மாற்றிவிட்டேன்.

டாக்டரின் முதல் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. கம்பி முதலில் நுழைகிறது, சரி. ஆனால் வேலை முடிவதற்குள் கம்பியை உருவிவிட்டுக் குழலை மட்டும் வைத்துச் சாயம் செலுத்துவதும் உண்டல்லவா? நுழைந்து நின்று வேலை செய்வது குழல். அதனால் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் கேட்ட குணத்துக்குக் 'கம்பித்தொடர்வு' என்று எழுதிப் பார்த்தேன். 'தொடர்திறன்' என்றால் விடாமல் ஓடுவது போல ஒலிக்கிறது. உறைக்கு 'ஏற்கும் அளவு', குழலுக்கு 'வெளி அளவு' என்று தனித்தனியாகப் போட்டுவிட்டேன்.

தமனியின் வாயில் போய் நின்று மற்றக் குழல்களுக்கு முட்டுக்கொடுக்கும் பெரிய குழல் இருக்கிறதே, அதற்கு மட்டும் இன்னும் சரியான பெயர் அமையவில்லை. 'வாயில் நுழைகுழல்' என்று எழுதினேன். சக பொறியாளர் அதைப் படித்துவிட்டு, "வாய் வழியாக விடுவதா?" என்றார். பிறகு அவரே, "பெயர் வாயில் நுழைகிறது, அதுவரை நல்லது" என்றும் சொன்னார். 'முட்டுக்குழல்' என்று இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் கையேடு அச்சுக்குப் போகிறது.