பவளம் போட்டவங்க, பார்த்தவங்க, ஏமாந்தவங்க எல்லாரும் வாங்க

கருகமணி:
எங்க வீட்ல தெலுங்கு பேசுவோம், ஊரு மதுரைப் பக்கம். தாலிச்சரட்டுல கருகமணியோட பவளமும் கோர்க்கிறது எங்க பக்கத்துப் பழக்கம். எங்க அவ்வா (பாட்டி) கழுத்துல அது போக தனியா ஒரு பவளச் சரமும் கெடக்கும். பீப்பாய் வடிவ மணி, ரெண்டு மணி ஒரே அளவுல இருக்காது, குளிக்கும்போதுகூட கழட்டாம எண்ணெயும் மஞ்சளும் ஊறி ஊறி ஒரு மினுமினுப்பு ஏறிப்போய், பளபளன்னு இல்லாம மங்கலாவும் இல்லாம நடுவுல ஒரு நிறத்துல நிக்கும். இப்ப அது என்கிட்ட வந்திருக்கு. போட்டுட்டு ஆபீஸ் போனா முதல் கேள்வியே "உங்களுக்கு செவ்வாய் தோஷமா?", அடுத்தது "ஜோசியரைக் கேக்காம பவளம் போடலாமா?" ஏங்க, அவ்வா எந்த ஜோசியரைக் கேட்டு போட்டாங்க? அழகா இருந்துச்சு, போட்டாங்க. மாநிறக் கழுத்துக்கு தங்கத்தைவிட இது எடுப்பா இருக்கும்னு அவங்களே சொல்லுவாங்க. ராமேஸ்வரம் கடல்ல எடுத்ததுன்னும் சொல்லுவாங்க, அது நெஜமா? உங்க கதையையும் சேர்த்து எழுதுங்க.

கப்பல்காரன்_தூத்துக்குடி:
ராமேஸ்வரம் இல்ல சகோ. மன்னார் வளைகுடாவுல இருக்கிறது பாறை கட்டுற வகைப் பவளம், செத்தா வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். அதை எடுக்கிறதும் விக்கிறதும் வனவிலங்குச் சட்டப்படி குத்தம், 2001லயே முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கரையில யாராச்சும் "ஒரிஜினல் பவளம் சார்"னு கையில திணிச்சா வாங்காதீங்க.

நகைக்கு வர்ற செவப்பு வேற ஜாதி, மத்தியதரைக் கடல் சரக்கு. நேப்பிள்ஸ்ல கப்பல் நின்னப்ப வெசுவியஸ் எரிமலையைச் சுத்திப் போற லோக்கல் ட்ரெயின்ல ஏறி டோரே டெல் கிரெக்கோன்னு ஒரு ஊருக்குப் போனேன். எரிமலை அடிவாரத்துலயே ஊரு, ஊர் முழுக்க இதே தொழில்தான். 1805ல மார்ட்டின்னு ஒருத்தர் ராஜாகிட்ட லைசென்ஸ் வாங்கி பவளத் தொழிற்சாலை ஆரம்பிச்சிருக்காரு, 1878ல பவள வேலை கத்துக்கொடுக்கத் தனியா பள்ளிக்கூடமே தொறந்துட்டாங்க. நான் போன பட்டறையில ஒரு பெரியவர் சுண்டுவிரல் தடிமன்ல ஒரு கிளையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு, பாத்துக்கிட்டே இருக்காரு, வெட்டவே இல்ல. எந்த இடத்துல பூச்சி அரிச்ச ஓட்டை இருக்கு, எங்க வெட்டினா பெரிய மணி தேறும்னு கணக்கு போடுறாராம். அப்புறம் சின்ன வட்ட ரம்பத்துல வெச்சாரு, தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, கை முழுக்க ஆரஞ்சுச் சேறு. அவர் அவ்ளோ யோசிச்சதுல ஆச்சரியமில்ல, அந்தக் கிளை ஒரு வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட பருக்காது. அவர் கையில இருந்தது நாம பொறக்கிறதுக்கு முன்னாடியே கடலுக்கடியில முளைச்சதா இருக்கும்.

முன்னாடி மரத்துல சிலுவை மாதிரி கட்டி, அதுல வலையைத் தொங்கவிட்டு அடியில இழுத்துட்டுப் போவாங்களாம், பவளம் கொஞ்சம் வரும், பாக்கி எல்லாம் நாசம். ஐரோப்பாவுல அதை 1994ல தடை பண்ணிட்டாங்க. இப்ப 50 மீட்டருக்குக் கீழ முக்குளிச்சு கையால உடைச்சு எடுக்கணும். வெலை ஏன் அப்படின்னு அங்கதான் புரிஞ்சுது, வாங்காமலே கப்பலுக்குத் திரும்பிட்டேன் ஹாஹா.

இன்னொண்ணு, அங்கயும் திருஷ்டிக்குத்தான் போடுறாங்க. செவப்பா மொளகா கணக்கா ஒரு கொம்பு, கார்ல, கடை வாசல்ல, சாவிக்கொத்துல எங்க பாத்தாலும் தொங்குது. கைக்குழந்தை கழுத்துல பவளக் கிளை மாட்டுறது ரோமானியர் காலத்துலயே இருந்த பழக்கம். பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைஞ்ச மாதா படங்கள்ல குழந்தை ஏசு கழுத்துலயே பவளம் இருக்கும், தேடிப் பாருங்க.

மண்ணடிப்பையன்:
அண்ணே சொன்னதுக்கு மீதிக்கதை எங்க ஏரியாவுல இருக்கு. சென்னை மண்ணடியில பவளக்காரத் தெரு தெரியும்ல? இங்கிலீஷ்ல கோரல் மெர்ச்சன்ட் ஸ்ட்ரீட். சின்ன வயசுல அந்தத் தெரு வழியா டியூஷன் போவேன், லோடு வண்டியும் இரும்புச் சத்தமும்தான், பவளம் விக்கிற ஒரு கடையைக்கூட பாத்ததில்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, 17, 18ஆம் நூற்றாண்டுல யூத வியாபாரிங்க லண்டன்ல இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல பவளத்தை ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பி, அந்தக் காசுக்கு இங்க கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்பியிருக்காங்க. இத்தாலியில லிவோர்னோன்னு ஒரு துறைமுகம், அங்க இருந்த யூதக் குடும்பங்களும் கோவா வழியா இதே பண்டமாற்றுதான் பண்ணியிருக்காங்க. அதாவது அவனுக்கு நம்ம வைரம் மேல கண்ணு, நமக்கு அவன் பவளம் மேல கண்ணு. இது புதுசும் இல்ல, ரோமாபுரி பிளினி அப்பவே எழுதிட்டாரு, ரோமாபுரிக்காரங்க இந்திய முத்துக்கு அலையுற மாதிரி இந்தியாக்காரங்க பவளத்துக்கு அலையுறாங்கன்னு.

துகிர்:
சேரநாட்டு முசிறித் துறைமுகத்துல வந்து இறங்கின சரக்குன்னு பெரிப்ளூஸ்ங்கிற பழைய கிரேக்கக் கடல் வணிகக் கையேடு போடுற பட்டியல்ல பவளமும் இருக்கு. ஆனா பட்டினப்பாலையில பூம்புகார் தெருவுல குவிஞ்சு கெடக்கிறது "தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்", அதாவது கிழக்குக் கடல் பவளம். ரெண்டு பக்கமும் வாங்கிப் போட்டிருக்காங்க போல. நமக்கு அந்தச் செவப்பு மேல இருக்கிற கிறுக்கு சாமியையும் விடல. அப்பருக்கு சிவன் "பவளம்போல் மேனி", தொண்டரடிப்பொடிக்கு பெருமாள் "பவளவாய்". மதுரை அக்கா, ஆபீஸ்ல அடுத்த தடவை யாராச்சும் தோஷமான்னு கேட்டா இதைச் சொல்லுங்க.

லாகோஸ்வாசி:
நான் இருக்கிறது நைஜீரியா. கூட வேலை பாக்குற பொண்ணு எடோ இனம், அவ கல்யாணத்துக்கு பெனின் சிட்டி போயிருந்தேன். நம்ம ஊர்ல பொண்ணுக்குத் தங்கத்தை அடுக்குவோம், அங்க பவளத்தை அடுக்குறாங்க. தலையில ஒகுகுன்னு கிரீடம் மாதிரி ஒண்ணு, கழுத்துல, மார்ல, கையில எல்லாம் செவப்பு மணி, அவளால கழுத்தைத் திருப்பக்கூட முடியல, யாராச்சும் கூப்பிட்டா மொத்த உடம்பையும் திருப்புறா. பக்கத்துல உக்காந்திருந்த அவ பெரியம்மா என் கையைப் பிடிச்சு அவங்க மாலையைத் தொடவெச்சு, "இது எங்க அம்மாவோடது, அந்தப் பொண்ணுங்க போட்டிருக்கிறது பாதி பிளாஸ்டிக்"னு காதுல சொன்னாங்க. பெரியம்மாக்கள் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

அங்க ராஜாவை ஓபான்னு சொல்லுவாங்க. பவளம் அவருக்கே உரியதா இருந்திருக்கு, அவரு கொடுத்தாத்தான் மத்தவங்க போட முடியும். போர்ச்சுகீஸ்காரங்க வந்து வியாபாரம் பண்ண ஆரம்பிச்சப்ப மத்தியதரைக் கடல் பவளம் நெறைய இறங்கியிருக்கு. 1897ல ஆங்கிலேயர் கொள்ளையடிச்ச பெனின் வெண்கலத் தலைங்க லண்டன் மியூசியத்துல இருக்கே, அதுல தாடை வரைக்கும் வரிவரியா அடுக்கியிருக்கிறது பவள மாலைதான்.

விருச்சிகராசி:
நான் வயித்தெரிச்சல் கோஷ்டி. செவ்வாய்க்குன்னு சொல்லி வைத்தீஸ்வரன் கோயில் போயிட்டு வர்ற வழியில ஒரு கடையில முக்கோணப் பவளம் வாங்கினேன். கடைக்காரரு பாலுக்குள்ள போட்டுக் காமிச்சாரு, பால் லேசா செவந்துச்சு, "பாத்தீங்களா ஒரிஜினல்"னாரு. கொஞ்ச நாள்ல மோதிரத்துக்கு உள்பக்கம் வெளுத்து ரோஸ் கலர் ஆயிருச்சு. இப்ப கேட்டா "உங்க உடம்புச் சூட்டை அது இழுத்துருச்சு, அதான் வெளுத்துருச்சு"ங்கிறாரு.

பட்டறைத்தம்பி_கோவை:
அண்ணே, பால் செவந்துச்சுன்னா சாயம் எறங்குதுன்னு அர்த்தம், அதைப் பாத்த உடனே எந்திரிச்சு வந்திருக்கணும். உங்களுக்கு வந்தது மூங்கில் பவளமா இருக்கும், அதுவும் கடல்லதான் விளையுது, ஆனா வெள்ளையா சாம்பலா இருக்கும், செவப்புச் சாயத்துல ஊறப்போட்டு விக்கிறாங்க. நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்சை நனைச்சு கல்லோட அடிப்பக்கம் தேய்ங்க, பஞ்சு செவந்தா சாயம். லென்ஸ் வெச்சுப் பாத்தா நல்ல பவளத்துல கிளையோட நீளத்துக்கு மெல்லிசா வரி ஓடும், மூங்கில்ல வரி தடிமனா இருக்கும், அந்தக் குழியில சாயம் தேங்கி கருஞ்செவப்பா தெரியும். உள்ள குமிழ் தெரிஞ்சா கண்ணாடி. சில பேரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நுரை வருதான்னு பாக்குறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ரெண்டுமே சுண்ணாம்புச் சத்துதான், ரெண்டும் நுரைக்கும், நல்ல பவளமா இருந்தா பாலிஷ் போனதுதான் மிச்சம். சென்ட், வேர்வை, நகை கழுவுற லிக்விட் எதுவும் இதுக்கு ஆகாது. ஈரத்துணியால தொடைச்சு, காயவெச்சு, தனிப்பையில போட்டு வைங்க, வைரத்தோட ஒரே டப்பாவுல போட்டா கீறல் விழும்.

மதுரை அக்காவுக்கு ஒண்ணு. உங்க அவ்வா சரத்துல மணி ஒரே அளவுல இல்ல, நிறமும் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்னா அதை நல்ல அறிகுறியாவே எடுத்துக்கங்க. நூல் இத்துப்போயிருக்கும், பட்டு நூல்ல மணிக்கு மணி முடிச்சு போட்டு மாத்திக் கோர்க்கச் சொல்லுங்க, அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். அப்புறம் பழைய தாலிச்சரட்டை மாத்தப் போனா கடையில கல் எடை, மணி எடை எல்லாத்தையும் கழிச்சு தங்கத்துக்கு மட்டும்தான் காசு போடுவாங்க, பவளத்துக்கு ஒரு பைசா கிடையாது, கொறடு வெச்சு நசுக்கித்தான் கழட்டுவாங்க. எங்க பட்டறைக்கு வர்ற பழைய நகையில அப்படி நொறுங்கின பவளத்தை நான் எவ்வளவோ கூட்டிப் பெருக்கியிருக்கேன். உருக்கக் குடுக்கிறதுக்கு முன்னாடியே, உங்க கண்ணு முன்னால மணியை முழுசா கழட்டி கையில குடுன்னு கேட்டு வாங்கிடுங்க.