'டு' போடுவதா, 'இங்' போடுவதா? சொல்லிக்கொடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்கா மகள் ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாள். டென்ஸ் எல்லாம் நன்றாகவே வருகிறது. ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால்தான் தடுமாறுகிறாள்.

'வான்ட்', 'டிசைட்' வந்தால் 'டு', 'என்ஜாய்', 'அவாய்ட்' வந்தால் 'இங்' என்பது வரை சரி. 'மேக்' வந்தால் இரண்டுமே இல்லை: 'ஷி மேட் மீ வெயிட்'. அதையே செயப்பாட்டுவினையாக மாற்றினால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று விட்டுப்போன 'டு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்ன நியாயமோ!

இரண்டையும் ஏற்கும் வினைகள்தான் பெரிய தலைவலி. 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்திவிட்டான். 'ஹி ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றான். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் பூட்ட மறக்காதே. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டுக்கும், இனிச் செய்ய வேண்டியதற்கு 'டு', நடந்து முடிந்ததற்கு 'இங்' என்று சொன்னேன், பிடித்துக்கொண்டாள். அப்புறம் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' வந்தது. 'டு'வும் இருக்கிறது, 'இங்'கும் இருக்கிறது! அந்த 'டு' வெறும் பிரிபோசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல் என்றால் தலையாட்டுகிறாள், அடுத்த மெயிலில் 'டு மீட்' என்றே எழுதுகிறாள்.

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாக்கியமாகவே நாக்கில் பழக்கும் பயிற்சித் தாளோ ஆடியோவோ இருந்தால் பகிருங்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் எந்த வினைகளில் தொடங்குவீர்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.