புதுப்பிப்பு: மக்காசார் நீரோட்டம், தப்பு கரிமாத்தாவில்

இரண்டு வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: என் கடல் நீரோட்டக் கணினி மாதிரியில் ஜனவரி மாதம் போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே உள்ள மக்காசார் நீரிணையின் மேல்நீர்தான் தெற்கே பாய்ந்து ஓடுகிறது; நிஜ அளவீடுகளோ 100 மீட்டருக்குக் கீழேதான் வேகம் அதிகம் என்கின்றன.

"கரிமாத்தாவைப் பாருங்க தம்பி" என்று எழுதிய அண்ணனுக்கு ஒரு தே தாரேக் டீ கடன்! கரிமாத்தா என்பது சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத நீரிணை. மாதிரியில் 50 மீட்டருக்கும் ஆழம் குறைந்த கடலையெல்லாம் நிலமாக்கும்படி நானே அமைத்திருக்கிறேன். சுமத்ராவும் போர்னியோவும் ஒட்டிக்கொண்டன. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு வாசல் கடலையே அடைத்திருக்கிறேன், வெட்கம்.

கரிமாத்தாவைத் திறந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் உப்புக் குறைந்த நீரை ஜாவா கடலுக்குத் தள்ளியது. அந்த லேசான நீர் மக்காசாரின் தென்வாயில் தேங்கி, மேல்நீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. அடியில் ஓடும் குளிர்ந்த நீரே பெரும்பங்கு என்பதால், இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் வெப்பமும் குறைந்தது.

பசிபிக்கிலிருந்து இந்தோனேசியக் கடல்கள் வழியே இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் மொத்த ஓட்டம் இன்னும் உதைக்கிறது. 2004–2006 அளவீட்டில் வினாடிக்குச் சுமார் 1.5 கோடி கன மீட்டர். எனக்கு அதைவிடக் குறைவு. மாதிரி கடலைப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டமும் 14 கிலோமீட்டர், இந்தியப் பெருங்கடலுக்குத் திறக்கும் வாசல்களில் ஒன்றான லோம்போக் நீரிணையின் அகலத்துக்கு இரண்டே கட்டம்தான் கிடைக்கிறது. அப்புறம் அதை நுணுக்கிப் பார்க்க வேண்டும்.