குருத்தோலையிலிருந்து கடவம் வரை: கையறிந்தவர்கள் பகிர்ந்தவை

பனையோலை வேலை தெரிந்த பலர் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னவை இவை. ஓலைப்பெட்டி பின்னப் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பின்னலைத்தான். ஓலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டி இளகுவதும், வாய் பிளப்பதும், ஒரு மழைக்குள் கரும்புள்ளி விழுவதும் பெரும்பாலும் ஓலையில் தொடங்கிய குற்றம். கையின் மேல் பழி போட வேண்டாம்.

வடலி என்னும் இளம்பனையின் குருத்துதான் பெட்டிக்கு நல்லது. தரையில் நின்றே வெட்டலாம், ஓலையும் மெத்தென்று இருக்கும். வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் குருத்தின் நுனி ஒரு சாண் விரிந்து லேசாகப் பச்சை ஏறியிருக்க வேண்டும், அடி இன்னும் வெளுப்பாக இருக்க வேண்டும். அதுதான் பருவம். முழுக்க மூடியிருந்தால் பிஞ்சு. அதில் பின்னினால் காய்ந்ததும் சுருங்கி, பின்னல் கண் விட்டுப் போகும். பாதிக்கு மேல் விரிந்துவிட்டால் சாரோலை. கடவம் என்னும் பெரிய சுமைக்கூடைக்கும் வேலி மறைப்புக்கும் அது போதும், சின்னப் பெட்டிக்கு மடங்காது.

ஒரு வடலியில் ஒரு குருத்து எடுத்தால் அடுத்து வரும் இரண்டையாவது விரிய விடுங்கள். பனைக்குக் கிளை இல்லை, உச்சியில் வளர்வது ஒரே ஒரு முனை. குருத்தையே தொடர்ந்து எடுத்தால் கொண்டை சிறுத்து மரம் இளைத்துவிடும். கத்தி ஆழமாக இறங்கி உள்ளே இருக்கும் அடுத்த குருத்தில் பட்டால், அது நுனி அறுந்த பாதி ஓலையாகத்தான் விரியும். வெட்டுவாயில் வண்டும் வரும்.

காய வைப்பதற்கு மூன்று வெயில், இரண்டு பனி. விசிறி மடிப்பை இதழ் இதழாகப் பிரித்துப் பகலில் வெயிலில் போட வேண்டும். இரவில் எடுத்து வைக்காமல் முற்றத்திலேயே பனிக்கு விட வேண்டும். வெயில் மட்டும் பட்ட ஓலை முறியும். பனி பட்டது வளையும், நிறமும் வெளுக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் தை முதல் பங்குனி வரைதான் ஓலைக்கு நிம்மதியான காலம். மழைநாளில் வெட்டியதைப் பாதி ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மூன்றாம் நாள் பூசணம் பூத்திருக்கும்.

பதம் பார்ப்பது சுலபம். ஓர் இதழைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி விடுங்கள். சடக்கென்று சத்தம் கேட்டால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது. சுருண்டபடியே கிடந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மெல்ல நிமிர்ந்து வந்தால் எடுத்து வைக்கலாம்.

* * *

ஓலை ஆயிற்று, இனி வார். ஒவ்வொரு இதழும் நடு ஈர்க்கில் மடிந்த இரட்டை ஓலை. பிச்சாத்தி என்னும் சிறு கத்தியால் அடியில் ஒரு கீறல் போட்டு ஈர்க்கை உருவினால் இரண்டு நாடா கிடைக்கும். ஈர்க்கைத் தூக்கி எறியாதீர்கள், பெட்டியின் வாய்க்கு வேண்டும். நாடாவை ஒரே அகலமாகக் கிழிப்பதில்தான் பெட்டியின் அழகு. கண் மதிப்பில் கிழித்தால் ஒரு வார் பெருத்தும் ஒன்று சிறுத்தும் வரும், சதுரம் கோணும். ஒரு மரத்துண்டில் சம இடைவெளியில் பிளேடு பதித்து, அதன் மேல் ஓலையை இழுத்தால் போதும்.

முதல் பெட்டிக்கு ஒரு கணக்கு: ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 32 வார், ஒவ்வொன்றும் 70 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல். பின்னுவதற்கு முன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றி வைக்கவும். முக்கி ஊறப்போட்டால் ஓலை உப்பும். அப்படியே பின்னிக் காய்ந்த பிறகு பின்னல் தளர்ந்துவிடும்.

நெடுக்கே 16, குறுக்கே 16. ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவிலிருந்து நான்கு பக்கமும் பின்னி 16 செ.மீ. சதுரம் ஆக்குங்கள். புதிதாகப் பின்னுபவர்கள் தவறும் இடம் இனிதான். சதுரத்தின் மூலை பெட்டியின் மூலை ஆகாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில்தான் பெட்டியின் மூலை எழும். பக்கத்துக்கு எட்டு எட்டாகப் பிரித்து, நடுவில் இருக்கும் எட்டாவது வாரையும் ஒன்பதாவது வாரையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு இறுக்கினால் அந்த இடம் மடங்கி எழுந்து நிற்கும். நான்கு பக்கமும் இப்படி எழுப்பினால் அடி 11 செ.மீ. சதுரத்துக்குக் கொஞ்சம் கூடவே வரும். ஒற்றைப்படையில் வார் எடுத்தால் நடு கிடைக்காது, பெட்டி ஒரு பக்கம் சாயும். மூலையை எழுப்பியதும் துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைப் போட்டு வையுங்கள். அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை அவிழ்ந்தால், மேல் கீழ் மாறி இரட்டைக் கண் விழும், அரிசி அதில்தான் ஒழுகும்.

சுவர் சாய்வாகவே பின்னிக்கொண்டு போகும். நான்கு விரல் உயரத்துக்கு ஒருமுறை எல்லா வாரையும் ஒவ்வொன்றாகக் கீழிருந்து இழுத்து இறுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் பெட்டி வயிறு தள்ளும்.

* * *

அக்கா, வாய் கட்டுவதை விட்டுட்டீங்க. வேண்டிய உயரம் வந்ததும் ஒவ்வொரு வாரையும் முன்பக்கம் மடக்கி, நாலு கண் கீழே சொருகணும். ரெண்டு கண்ணோட நிறுத்தினா சாமானோட தூக்கும்போது உருவிட்டு வரும். பிறகு உள்ளே ரெண்டு ஈர்க்கு வச்சு, மேலே பனநாரால சுத்தித் தச்சா வாய் நிக்கும். ஈர்க்கு பச்சையா இருந்தா சுருங்கி நார் தொங்கும், காஞ்சதுதான் வேணும்.

சாயம் போடுறவங்களுக்கு ஒண்ணு. வாராகக் கிழிச்ச பிறகு, பின்னுறதுக்கு முன்னால சாயம் போடணும். தண்ணி கொதிக்கும்போது சாயப்பொடியும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு, ஓலையை அமுக்கி வச்சு இருபது நிமிசம். எடுத்து, தண்ணி தெளியுற வரை அலசி நிழல்ல காயப்போடணும். அலசல்ல சோம்பல் பட்டா பின்னும்போது ஈரம் பட்டுச் சிவப்பு பக்கத்து வெள்ளை வாருக்கு இறங்கும். அதைப் பிறகு ஒண்ணும் பண்ண முடியாது, மக்கா.

* * *

பனநார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள், அதில் இரண்டு உண்டு. பச்சை மட்டையின் இரு ஓரத்துக் கருக்கையும் முதலில் செதுக்கித் தள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கை கிழியும். பிறகு மட்டையின் வெளித்தோல் தனி, உள்பக்கம் தனி. வெளியே இருப்பது புறணி, முரட்டுத்தனமாக இருக்கும். உள்ளே இருப்பது அகணி, வளையும். பெட்டியின் வாய் தைக்க அகணி. புறணியால் தைத்தால் மூலையில் ஒடியும். மட்டை வெட்டின அன்றே நார் உரிக்க வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் தோல் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும்.

கடவத்துக்குச் சாரோலை, இரண்டு விரல் அகல வார், அடி இரட்டை. உள் அடுக்கும் வெளி அடுக்கும் தனித்தனியாகப் பின்னி ஒன்றுக்குள் ஒன்று இறக்கி, அடியிலிருந்து வாய் வரை நாலு பக்கமும் நாரை ஓட்டித் தைப்பார்கள். பாரத்தைத் தாங்குவது இந்த நார்தான், ஓலை அல்ல. கடவம் வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். நார் அடியில் குறுக்கே ஓடாமல் வாயோடு நின்றிருந்தால் அது காட்சிக்குச் செய்தது.

* * *

கடவம் என்று வந்ததால் சும்மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் மீன் சுமக்கும் பெண்கள் தலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, துணியைச் சுருட்டி வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பழைய பருத்தித் துணி இரண்டு மீட்டர் வேண்டும். கைத்தறித் துண்டானால் இன்னும் நல்லது, நைலான் சேலை வழுக்கும். நெடுக்கே முறுக்கி, நான்கு விரலில் ஒரு சுற்று, அதன் மேல் இறுக்கமாக இன்னும் இரண்டு சுற்று, நுனியை உள்ளே சொருகல். நடு ஓட்டை மூன்று விரல் நுழையும் அளவுக்கு மேல் போகக் கூடாது. ஓட்டை பெரிதானால் சும்மாடு தலையில் இறங்கி, பாரம் உச்சியில் இல்லாமல் நெற்றியில் விழும், கழுத்து முன்னால் இழுக்கும்.

மீன் கடவத்தை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு ஏறிய ஓலை காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும், வெயிலில் போட்டாலும் மாலையில் மறுபடி நமத்துவிடும். கழுவிக் கவிழ்த்து வைத்தால்தான் அடியில் தண்ணீர் தேங்காது. கடவம் அடியில்தான் முதலில் மக்கும்.

* * *

மேலே சொன்ன காய்ச்சல் கணக்கெல்லாம் ஓலைக் கொழுக்கட்டைக்கு நேர் எதிர். திருக்கார்த்திகைக்கு அன்றைக்கு வெட்டின ஓலைதான் வேண்டும், காய வைத்தது ஆகாது. பச்சை லேசாக ஏறிய பகுதியாகப் பார்த்து எடுங்கள். மணம் அதில்தான். ஈர்க்கை எடுக்கக் கூடாது, அந்த மடிப்புதான் மாவுக்குக் குழி.

அரை கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, புட்டு மாவு போலக் கொரகொரப்பாகத் திரித்து லேசாக வறுக்கவும். நைசாக அரைத்த மாவில் கொழுக்கட்டை களி போல ஆகிவிடும். கருப்பட்டி 350 கிராம் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பதனீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது உண்டு, மணலும் கிடக்கும். வடிகட்டாவிட்டால் பல்லில் கடிபடும். வறுத்து அரை வேக்காடு வேகவைத்த சிறுபயறு 100 கிராம், ஒரு தேங்காய்த் துருவல், ஆறு ஏலக்காய், ஒரு விரற்கடை சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு.

பாகை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இளகினால் ஆவியில் ஓலை வழியே வடிந்து கொப்பரைத் தண்ணீர் கறுத்துவிடும். இறுகினால் வெந்தபின் விண்டு போகும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய ஓலையின் மடிப்பில் மாவை நீளமாக வைத்து, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து, ஓலை நாராலேயே இரண்டு இடத்தில் கட்டவும். ஆவியில் அரைமணி நேரம். ஓலை பழுப்புப் பச்சையாக மாறி, மணம் முற்றத்துக்கு வந்தால் இறக்கலாம். தேங்காய் அதிகம் போட்டால் மறுநாள் தாங்காது. நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடும் பண்டமாகையால் அது பெரிய குறை அல்ல.

* * *

வைப்புமுறை பற்றிச் சுருக்கமாக. கருப்பட்டியும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் ஓலைப்பெட்டியில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் ஓலை காற்றை விடுவதுதான். சூடாக இருக்கும்போது எவர்சில்வர் தூக்கில் மூடினால் மூடியில் வியர்த்து மேலேயே சொட்டும். மழைக்காலத்தில் கருப்பட்டிப் பெட்டியை அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது புகைக்காக மட்டும் அல்ல, அங்கேதான் வீட்டில் ஈரம் குறைவு. கேஸ் அடுப்பு வந்த வீடுகளில் அந்தப் பரண் இருந்தாலும் சூடு கிடையாது. ஆகவே வாரம் ஒருமுறை பெட்டியைக் காலிசெய்து ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் ஓலை வெடிக்கும். பூச்சி வந்தால் காய்ந்த வேப்பிலை. பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே பூசணத்துக்கு வழி.

* * *

விலை பேசும்போது பின்னல் நேரத்தை மட்டும் கணக்குப் போடுவது வாங்குகிறவர் வழக்கம், விற்பவரும் அப்படியே பழகிவிட்டார். மேலே சொன்ன சின்னப் பெட்டியைப் பின்னுவது மூன்று மணி நேரம்தான். வெட்டல், மூன்று வெயில், இரண்டு பனி, ஈர்க்கு உருவல், வார் கிழிப்பு எல்லாம் யார் கணக்கு? நாகர்கோவில் லேஸ் பின்னலுக்கு, அதைக் கற்றுக்கொடுத்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெயரோடு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. திண்டில் குண்டூசி குத்தி நூல் பின்னுவது நுண்ணிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஊர்களில் அதே பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்னிய ஓலைக்கு ஒரு பெயரும் எழுதி வைக்கப்படவில்லை.

* * *

மூடி பற்றி யாரும் சொல்லவில்லை, அதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். பெட்டிக்கு 16 என்றால் மூடிக்கு 18 வார் எடுப்பார்கள். அப்படிச் செய்தால் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடி, மூடி கவிழ்ந்து விழும். 17 எடுக்க முடியாது, ஒற்றைப்படை. வார் எண்ணிக்கை 16 ஆகவே இருக்கட்டும், ஒவ்வொரு வாரின் அகலத்தையும் அரை மில்லிமீட்டர் கூட்டுங்கள். பக்கத்துக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடும், ஓலையின் தடிமன் போக மூடி சரியாக இறங்கும். பெட்டி காய்ந்து சுருங்கிய பிறகு மூடியைத் தொடங்குங்கள். ஈரப் பெட்டியை அளந்து பின்னிய மூடி ஒரு வாரத்தில் தொளதொளத்துவிடும்.