பாமினி எழுத்து மாற்றி என்று தரப்பட்ட இஎக்ஸ்இ கோப்பு: திறப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

வணக்கம். களுவாஞ்சிகுடியில் தட்டச்சும் ஃபோட்டோ கொப்பியும் செய்துகொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். பாடசாலை வினாத்தாள்கள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், மரண அறிவித்தல்கள் என்று கடையில் சேர்ந்திருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளன. இப்போது வாடிக்கையாளர்கள் யூனிகோடில் கேட்கிறார்கள். இதை அறிந்த ஒருவர், பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் மென்பொருள் என்று சொல்லி, பென் டிரைவில் ஒரு கோப்பைத் தந்தார். நிறுவத் தேவையில்லாமல் நேரடியாக ஓடும் ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு அது. யார் எழுதியது, எந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்பது தந்தவருக்கும் தெரியவில்லை. கடைக் கணினியில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் விண்ணப்பப் படிவங்களும் இருப்பதால் அதை இன்னும் திறக்கவில்லை. விண்டோஸ் டிஃபெண்டரால் சோதித்தபோது எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இதை மட்டும் நம்பித் திறக்கலாமா?

பதில் (காத்தான்குடி)

வணக்கம் சகோதரரே. திறக்காமல் வைத்திருப்பதே சரி. டிஃபெண்டர் எச்சரிக்கவில்லை என்றால், அதற்குத் தெரிந்த தீங்கு எதையும் அந்தக் கோப்பில் காணவில்லை என்பது மட்டுமே பொருள்.

முதலில் கோப்பின் மீது வலது சொடுக்கிட்டு ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பமிடாத கோப்பில் அந்தப் பகுதியே தோன்றாது. தனிநபர்கள் இலவசமாக எழுதித்தரும் சிறு மென்பொருள்கள் பலவற்றில் கையொப்பம் இருப்பதில்லை என்பதால், அது இல்லாததை மட்டும் வைத்துக் கோப்பைக் குற்றம் சொல்ல முடியாது. கையொப்பம் இருந்தால் பயமில்லை என்று எண்ணுவதும் தவறு. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33ஆம் பதிப்பு, செல்லுபடியான கையொப்பத்துடனேயே தீநிரலையும் சுமந்து பயனர்களைச் சென்றடைந்தது.

அடுத்ததாக, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) கட்டளையைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை அந்தச் சாளரத்துக்குள் இழுத்துப் போட்டு என்டரை அழுத்துங்கள். கோப்பின் கைரேகை போன்ற, 64 குறிகள் கொண்ட ஷா-256 ஹாஷ் மதிப்பு கிடைக்கும். அதை வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் இட்டால், அதே கோப்பை முன்பு எவராவது அங்கே சோதித்திருந்தால், எழுபது வரையான வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் முடிவுகள் ஒரே பக்கத்தில் தெரியும்.

பதில் (அக்கரைப்பற்று)

மேலே உள்ளவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஹாஷ் மதிப்பைத் தேடும்போது கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் வைரஸ்டோட்டலில் பதிவேற்றப்படும் கோப்பு, அதனுடன் இணைந்துள்ள பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகக்கூடும். இந்த மென்பொருளைப் பதிவேற்றுவதால் யாருக்கும் பாதிப்பில்லை. வாடிக்கையாளரின் ஆவணம் எதையும் சந்தேகத்தின் பேரில்கூட அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கையொப்பம் இல்லை. ஹாஷைத் தேடியபோது அந்தக் கோப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. நான்கு மென்பொருள்கள் மட்டுமே தீங்கானது என்கின்றன. அவற்றில் மூன்று ஒரே பெயரைச் சொல்கின்றன. மற்றவை எல்லாம் பிரச்சினை இல்லை என்கின்றன. பெரும்பான்மையை நம்பலாமா? பென் டிரைவைக் கணினியில் செருகியதாலேயே ஏதும் பரவியிருக்குமா என்ற கவலையும் உள்ளது.

பதில் (காத்தான்குடி)

எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல நிறுவனங்கள் இன்னொரு நிறுவனத்தின் சோதனை இயந்திரத்தை வாங்கிப் பயன்படுத்துவதால், ஒரே பெயரில் வந்த அந்த மூன்றும் உண்மையில் ஒரே கருத்தாக இருக்கலாம். ஆட்டோஇட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட, அல்லது யுபிஎக்ஸ் என்ற கருவியால் சுருக்கப்பட்ட நல்ல மென்பொருள்கள்மீதும் இப்படித் தவறான எச்சரிக்கைகள் வருவதுண்டு. மறுபக்கம், புதிதாகப் பரவத் தொடங்கிய தீநிரலுக்கு முதல் நாளில் எச்சரிக்கை எதுவும் வராமலும் போகலாம்.

ஆகவே வைரஸ்டோட்டலின் அதே பக்கத்தில், கோப்பை ஓடவிட்டபோது அது என்ன செய்தது என்று காட்டும் பிஹேவியர் பகுதியைப் படியுங்கள். படிக்கும்போது, இந்த மென்பொருள் தன் வேலையைச் செய்ய எவையெல்லாம் தேவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அதை யூனிகோடாக மாற்ற, ஒரு குறிக்குப் பதிலாக இன்னொன்றை இட்டு, எகர ஒகரக் கொம்புகளின் வரிசையைத் திருத்தினால் போதும். இதற்கு இணையத் தொடர்போ நிர்வாகி அனுமதியோ, கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கவேண்டிய அவசியமோ இல்லை.

செருகியதைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 7 முதல் பென் டிரைவில் உள்ள மென்பொருள் தானாக ஓடுவதில்லை. ஆனால் அந்த டிரைவில் கோப்புறைப் படத்தோடு இருக்கும் எதையும் சொடுக்கும் முன், டைப் என்ற நிரலில் ஃபைல் ஃபோல்டர் என்று இருக்கிறதா, அப்ளிகேஷன் அல்லது ஷார்ட்கட் என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். அந்தக் கோப்பு ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் தன்னைத் தானே பிரதி செய்து, கணினி தொடங்கும்போது தானாக ஓடவேண்டியவற்றைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் பதிந்து, வெளியே ஒரு முகவரியோடு தொடர்புகொள்ள முயன்றதாக அறிக்கை சொல்கிறது. எழுத்து மாற்றிக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை என்பதால் அழித்துவிட்டேன். தந்தவருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்; அவர் அதைத் தன் வீட்டுக் கணினியில் ஏற்கெனவே திறந்திருக்கிறார். அவர் என்ன செய்யவேண்டும்?

பதில் (அக்கரைப்பற்று)

இணையத் தொடர்பை உடனே துண்டிக்கச் சொல்லுங்கள். பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடவேண்டும். அது விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும் முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் தீநிரல் ஒளிந்துகொள்வது கடினம். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு சாதனத்திலிருந்து மாற்றவேண்டும். சோதனைக்குப் பின்னும் சந்தேகம் நீடித்தால், ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸை மீண்டும் நிறுவுவதே நிம்மதி.

உங்கள் தேவைக்கு, உலாவியிலேயே வேலை செய்யும் பாமினி மாற்றிகள் உள்ளன. பக்கம் முழுவதும் வந்த பிறகு வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு பந்தியை ஒட்டிப் பாருங்கள். அப்போதும் மாற்றித்தந்தால், மாற்றம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. வினாத்தாள்களில் இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்றெண்ணிச் சிதைத்துவிடும் என்பதால், தமிழ்ப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள்.